சங்கக் கூட்டத்துச் சிற்றுண்டி: தட்டமா, மேசையா, பொதியா, இலையா?

எங்கள் கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் மாதத்துக்கு ஒரு தடவை கூடும் மாதர் சங்கக் கூட்டத்துக்கு 50 பேர் வரையில் வருவார்கள். வயலிலிருந்து கைகால் அலம்பிக்கொண்டு நேரே வருபவர்களும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்களும், ஊன்றுகோலுடன் வந்து கடைசி வாங்கில் அமரும் முதியவர்களும் அவர்களுள் அடங்குவர். கூட்டம் முடியும் வேளையில் ஒரு தேநீரும் கடிப்பதற்கு இரண்டு பண்டங்களும் கொடுப்பது சங்கம் தொடங்கிய நாள்முதல் உள்ள வழக்கம். கொடுக்க வேண்டுமா என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சில மாதங்களாகக் கருத்து வேறுபாடு இருந்து வருகிறது. தட்டத்தை நீட்டிக்கொண்டு போவதா, மேசையில் பரப்பி வைத்து அவரவரே எடுக்க விடுவதா, முற்கூட்டியே பொதி கட்டிக் கையில் கொடுப்பதா, இலை வைத்துப் பரிமாறுவதா என நான்கு வழிகள் எம்முன் உள்ளன. நான்கையும் வெவ்வேறு கூட்டங்களில் செய்து பார்த்தோம். சிற்றுண்டிப் பொறுப்பு என்னிடம் இருந்தமையால், கண்டவற்றை எழுதிவைத்தால் எங்களுக்கும், இதே முடிவை எடுக்கவேண்டியிருக்கும் பிற சங்கங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் உதவும் என்று எண்ணினேன்.

எதைக் கொண்டு அளப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் கழுவாத கையினாலும் அசுத்தமான நீரினாலும் உணவின் வழியே பரவுபவை; 50 பேர் ஒரே பாத்திரத்தினுள் கை வைக்குமிடத்தில் ஒருவருடைய கை எல்லோருடைய கையுமாகிவிடுகிறது. ஆகவே சுத்தம் ஓர் அளவுகோல். மற்றது, எங்கள் மூத்தோர் ‘பந்தி வஞ்சனை’ என்று பெயரிட்டுக் கண்டித்த குற்றம்: ஒரே பந்தியில் இருப்பவர்களுள் ஒருவருக்கு நல்லதும் இன்னொருவருக்குக் கழிவும் போய்ச் சேருவது. இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் நான் இரண்டாவதற்கே கூடிய இடம் கொடுப்பேன். சுத்தக் குறைவைச் சவர்க்காரமும் தண்ணீரும் திருத்திவிடும். தனக்குக் குறைவாகக் கிடைத்ததென்று ஒருவர் மனதில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவதைத் திருத்துவதற்கு அடுத்த நாள் வழியில்லை.

தட்டம் நீட்டுவதுதான் எங்களுக்கு மிகப் பழகிய முறை. வீட்டுக்கு ஒருவர் வந்தால், வெற்றிலைத் தட்டமாயினும் பலகாரத் தட்டமாயினும், வலக்கையால் பிடித்து இடக்கையால் தாங்கி, மூத்தவரிடம் முதலில் நீட்டி, முகம் பார்த்து “எடுங்கோ” என்கிறோம். பத்துப் பேர் இருக்கும் முற்றத்துக்கு இதைவிடச் சிறந்த முறையை நான் அறியேன். ஆனால் 50 பேர் இருக்கும் மண்டபத்தில் அது வேறொன்றாகிவிடுகிறது. மாசி மாதக் கூட்டத்தில் தட்டத்தை நானே எடுத்துச் சென்றேன். புறப்படும்போது அதில் உழுந்து வடைகள் குவியலாக இருந்தன. எல்லாம் பொன்னிறம், நடுவிலிருந்த துளை எல்லாவற்றிலும் வட்டமாக விழுந்திருந்தது. முன்வரிசையில் ஒருவர் மேலேயிருந்த இரண்டை நகர்த்திவிட்டு அடியிலிருந்ததை எடுத்தார். அடுத்தவர் விரலால் அமத்திப் பார்த்துச் சூடுள்ளதைத் தெரிந்தெடுத்தார். கடைசி வாங்கிலிருந்த ஆச்சியிடம் நான் போய்ச் சேர்ந்தபோது, விளிம்பு பிய்ந்த ஒரு வடையும், எண்ணெய் ஊறிய கடதாசியோடு ஒட்டிக் கிடந்த இரண்டு துண்டுகளுமே மிஞ்சியிருந்தன. அவர் அந்தப் பிய்ந்த வடையை எடுத்துக்கொண்டு, “எனக்கு இது காணும் பிள்ளை” என்றார். உண்மையான மனநிறைவோடு சொல்லியிருக்கவும் கூடும். ஆயினும் தட்டத்தைப் பிடித்திருந்த என் கை கூசியது.

முன்வரிசையில் இருந்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்லதைத் தெரிந்தெடுக்கும்படி நாம்தான் அவர்கள் முன் தட்டத்தை நீட்டினோம். தட்டத்திலிருந்து எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். தன் பக்கத்தில் இருப்பதையே எடுக்க வேண்டும். தொட்டதை எடுக்க வேண்டும், தொட்டுவிட்டு வைக்கக் கூடாது. எல்லோரும் ஒரு முறை எடுத்து முடியும்வரை இரண்டாவதற்குக் கை நீட்டக் கூடாது. இம்மூன்றையும் எல்லோரும் கைக்கொண்டால் தட்டத்தில் பெரிய குறையில்லை. ஆனால் கூட்டத்துக்கு வரும் வளர்ந்தவர்களுக்கு நாம் அதைச் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

இதே தட்டம் தேநீர்க் கடைகளில் இன்னொரு வடிவம் எடுக்கிறது. ஏ9 வீதியோரத்திலும் கிளிநொச்சி, வவுனியா நகரங்களிலும் பல கடைகளில் றோல்ஸ், பற்றிஸ், வடை, வாய்ப்பன் ஆகியவற்றை ஒரே தட்டில் அடுக்கி மேசையில் வைத்துவிடுவார்கள். சாப்பிட்டவற்றை எண்ணிக் காசு வாங்கிக்கொண்டு, மிகுதியை அப்படியே அடுத்த மேசைக்குக் கொண்டுபோவார்கள். அந்த மிகுதியை எத்தனை பேர் தொட்டார்கள் என்பது உண்பவருக்குத் தெரியாது. சங்கத்தில் சிலர், கடையில் உண்கிறோமே, இங்கு மட்டும் என்ன என்று கேட்டார்கள். கடையில் நாம் காசு கொடுத்து நாமே முடிவெடுத்து உண்கிறோம். சங்கத்தில் எங்களை நம்பி வந்தவருக்குக் கொடுக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்பதை வெறும் சுகாதாரக் கேடாக மட்டும் பார்ப்பதும் தவறு. வடக்கின் தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குச் சாதியின் பெயரால் உள்ளே வாங்கில் இருப்பதும் பொதுக் கிளாசில் குடிப்பதும் மறுக்கப்பட்டு, வெளியில் நிறுத்தி வேறு பாத்திரத்தில் தேநீர் வார்க்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அத்தகைய ஒதுக்கலைத் தடுப்பதற்கு 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்ட பின்னரும் வழக்கம் தானாக மாறவில்லை. 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைகளுக்குள் நுழைவதற்கே போராட வேண்டியிருந்தது. ஒரே வாங்கிலிருந்து, ஒரே கிளாசில் குடிப்பது அப்படிப் பெற்ற உரிமை. எனவே தனித்தனியாகக் கொடுக்கும் எந்த முறைக்கு நாம் மாறினாலும், ‘தனி’ என்பது ‘வேறு’ என்று ஆகிவிடாமல் பார்க்க வேண்டும். இங்கே ஒன்றைத் திறந்து சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு ஓர் உத்தியோகத்தர் வந்தால் அவருக்குப் பீங்கான் கோப்பையில், பூப்போட்ட பீரிசு வைத்துத் தேநீரும், வேறாக எடுத்துவைத்த நல்ல வடையும், மற்றவர்களுக்குக் கடதாசிக் குவளையும் என்று கொடுக்கும் பழக்கம் எங்கும் பரவியுள்ளது. மரியாதை என்ற பெயரில் செய்யப்படும் பந்தி வஞ்சனை அது. வருபவர் யாராயினும் ஒரே கிளாஸ், ஒரே இலை என்பதே முறை. நான் அறிந்த நல்ல உத்தியோகத்தர்கள் அதையே விரும்பியும் இருக்கிறார்கள்.

மேசையில் பரப்பி வைத்து அவரவரே எடுக்கும் முறையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வேலை குறைவு, வேண்டியதை வேண்டிய அளவு எடுக்கலாம் என்பவை அதன் நன்மைகள். ஆனால் ஊன்றுகோல் பிடித்தவரும் மடியில் குழந்தை வைத்திருப்பவரும் கடைசியாகவே மேசையை அடைவார்கள். கூச்சமுள்ளவர் எழுந்தே வர மாட்டார். இம்முறை வேண்டாமென்பதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு, அது எங்கள் மண்ணுக்கு உரியது. 2009இல் போரால் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கையில் பாத்திரத்துடன் சோற்றுக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்றவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆனால் வரிசையைக் கண்டதும் முகம் மாறுவது அவர்களில் சிலருக்கு இன்னும் நிற்கவில்லை. மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சிக்கு நாம் மனமுவந்து வரிசையில் நின்று சிரட்டையில் வாங்கிக் குடிக்கிறோம். அது நினைவுக்காக நிற்பது. ஒரு வடைக்காக எங்கள் அம்மாமாரை நிறுத்துவதற்கு எனக்கு மனமில்லை. இவ்வழியை நான் முற்றாக விலக்கிவிட்டேன்.

பொதி கட்டிக் கொடுக்கும் முறை கொரோனா காலத்தில் எங்கும் பரவி, அதன் பின்னர் பல இடங்களில் நிலைத்துவிட்டது. அதன் பலம் பெரியது. ஒவ்வொரு பொதியிலும் ஒரு வடை, ஒரு பயற்றம் பணியாரம் என்று எண்ணிப் போட்டால், முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் வேறுபாடு இல்லை. கட்டுபவருடைய கை சுத்தமாக இருந்தால் வேறொரு கை படுவதற்கும் இடமில்லை. எல்லாவற்றையும்விட, தனக்குக் கிடைத்ததை உண்ணாமல் வீட்டிலிருக்கும் பிள்ளைக்குக் கொண்டுபோக நினைக்கும் தாய்க்குப் பொதி பெரும் ஆறுதல். தட்டத்தில் எடுத்த வடையைக் கைலேஞ்சியில் சுற்றி, யாரும் பார்க்காத நேரத்தில் கைப்பைக்குள் வைப்பவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த மறைப்புக்குத் தேவையே இல்லாமல் செய்கிறது பொதி.

ஆனால் பண்டத்துக்குப் பொதி நல்லதல்ல. சட்டியிலிருந்து இறக்கிய வடையை மூடிக் கட்டினால் அதிலிருந்து எழும் ஆவி வெளியேற இடமின்றி நீராக மாறி, மொறுமொறுப்பான மேற்பாகத்தை ஊறவைத்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் வடை துவண்டுவிடும். ஆறவைத்துக் கட்டினால் மொறுமொறுப்பு ஓரளவு நிற்கும், சூடு போய்விடும். எதில் கட்டுவது என்பதும் கேள்வி. சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாள் 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி முதலும், ஒருமுறை பாவித்து வீசும் பிளாஸ்ரிக் தட்டு, குவளை, கரண்டி போன்றவை 2023 ஒக்டோபர் 1ஆம் திகதி முதலும் இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளன. மிஞ்சுவது கடதாசி. பழைய பத்திரிகையிலும் பிள்ளைகளின் எழுதி முடித்த கொப்பித் தாளிலும் சுற்றுவது நெடுநாள் வழக்கமாயினும், சூடான எண்ணெய் மையைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. வடையின் அடியில் எழுத்துகள் தலைகீழாகப் பதிந்திருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அச்சிடாத பழுப்புக் கடதாசிப் பை வாங்கலாம், அதற்குச் செலவு. பொதியின் இன்னொரு குறையைச் சொல்ல எனக்குச் சற்றுத் தயக்கம், ஆனால் உண்மை: பொதி கைக்கு வந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. தேநீர் குடித்துக்கொண்டு இருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான், கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் கிணற்றுப் பிரச்சினையையும் கடன் தவணையையும் கதைக்கிறார்கள். பொதி கொடுத்த மாதத்தில் அக்கதை ஒன்றும் என் காதுக்கு வரவில்லை.

இனி இலை. ஒரு சாண் அகலமான வாழையிலைத் துண்டைக் கழுவித் துடைத்து, தணலில் ஒரு கணம் காட்டி வாட்டினால் கிழியாது. அதில் வைத்த வடையின் எண்ணெய் இலையில் ஊறாமல் மேலேயே நிற்கும்; சூட்டில் இலையின் மணமும் சேரும். குளத்தில் தாமரை இலை கிடைக்கும் காலத்தில் அதையும் பயன்படுத்தலாம். அதில் நீர் ஒட்டாது உருண்டோடுவதால் கழுவுவதும் எளிது. முதல் தடவை செய்தபோது ஒரு தவறு விட்டோம். மேசையில்லாத மண்டபத்தில், மடியில் இலையை மட்டும் வைத்து ஒரு கையால் தேநீரையும் பிடிப்பது முடியாத காரியம். நான்கைந்து வடைகள் நிலத்தில் விழுந்தன. அடுத்த முறை, சில்வர் பீரிசின் மேல் இலையை வைத்துக் கொடுத்தோம். அதில் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. பீரிசில் எண்ணெய் படாததால், பின்னர் அலம்பினாலே போதுமாயிருந்தது. ஆவணி, புரட்டாதியில் கிணறுகள் அடிவற்றித் தண்ணீருக்கு பவுசரை எதிர்பார்க்கும் எங்கள் பக்கத்தில், எண்ணெய் படிந்த 50 பீரிசுகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதற்கும் 50 பீரிசுகளை அலம்புவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதல்ல. இலைகள் மாட்டுக்குப் போயின.

பரிமாறுபவர் ஒருவர், இடுக்கியும் கரண்டியும் கொண்டு, எல்லோருக்கும் ஒரே அளவில் வைத்துக்கொண்டு போகிறார். உண்பவருடைய கை பொதுப் பாத்திரத்தினுள் போவதேயில்லை. தட்டத்தின் உபசாரமும் பொதியின் சமத்துவமும் இதில் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஆள் வேண்டும், நேரம் வேண்டும் என்பதே இதன் விலை: 50 பேருக்குப் பரிமாற மூன்று பேருக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

அவித்த கடலைக்கு இலை இல்லாமல் முடியவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம். நவராத்திரி நாள்களில் பள்ளிக்கூடத்தில் அவலும் கடலையும் கொடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிறு பிள்ளை இரண்டு கைகளையும் குவித்து நீட்டுகிறது. ஆசிரியர் ஓர் அகப்பை கடலையை அதில் போடுகிறார். தேங்காய்ச் சொட்டு ஒன்று விரலிடுக்கால் நழுவி மணலில் விழுகிறது. இரண்டு கையும் நிறைந்துவிட்டதால் உண்பதற்குக் கையில்லை. பிள்ளை குனிந்து வாயால் கவ்வி உண்கிறது, அல்லது சட்டையின் முன்பக்கத்தில் கொட்டிக்கொள்கிறது. பிரசாதமாயிருந்தும் உண்ணும் பிள்ளைக்கு அது வசதியாக இல்லை. ஓர் இலைத் துண்டைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுத்திருந்தால் ஒரு கை விடுபட்டிருக்கும். எங்கள் முன்னோர் கூழுக்குப் பனையோலையில் பிளா மடித்ததும் இப்படித்தான்.

கச்சானுக்கு மட்டும் நான் விதிவிலக்குக் கொடுப்பேன். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனத்தை நிறுத்தி, தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்காமல் போகிறவர் குறைவு. வறுத்த கச்சானுக்குக் கோது தானே பொதி. எத்தனை கை பட்டாலும் உள்ளே பருப்பு சுத்தமாகவே இருக்கும். ஆகவே அதை நடுவில் சுளகில் கொட்டி, சுற்றியிருந்து உடைத்து உண்ணலாம். அப்படி உண்பதிலேதான் அதன் சுவையும் இருக்கிறது. கோதுக்கு வேறொரு பெட்டி வைத்துவிட வேண்டும். உண்ட கோதை மீண்டும் சுளகிலேயே போடுவது அடுத்தவரை வெறுங்கோதில் கை வைக்கச் செய்யும்; சிவந்த தோலை ஊதுபவர் தலையைத் திருப்பி ஊத வேண்டும்.

எந்த வழியைத் தெரிந்தெடுத்தாலும் மாறாத சில காரியங்கள் உண்டு. சைவமும் மச்சமும் ஒரே பாத்திரத்தில் இருக்கக் கூடாது. மரக்கறி றோல்சும் மீன் றோல்சும் பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும். வெள்ளிக்கிழமை விரதக்காரர் ஒருவர் கடித்த பின்னர் அறிவது மிகக் கொடியது. முஸ்லிம் சகோதரிகளும் வரும் கூட்டமானால் இறைச்சியைத் தவிர்த்து, முழுவதும் மரக்கறியாகச் செய்வதே எல்லோருக்கும் உகந்தது. சமைத்த மீனும் முட்டையும் தேங்காயும் சேர்ந்தவற்றை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சித்திரையில் எங்கள் மண்டபத்துத் தகரக் கூரையின் கீழ் 32 பாகை என்பது காலையிலேயே கடந்துவிடும். காலையில் கடையில் எடுத்த றோல்சை மாலைக் கூட்டத்துக்கு வைத்திருப்பதை நாம் நிறுத்திவிட்டோம். வடையைப் பின்வளவிலேயே சுடுகிறோம்.

சம்பலையும் சோசையும் நடுக் கிண்ணத்தில் வைப்பதையும் நிறுத்த வேண்டும். கடித்த வடையை மறுபடி தோய்ப்பது எச்சில்; அது வேண்டுமென்று செய்வதன்று, கதையில் கை தானாகப் போய்விடும். இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி வைத்துவிட்டால் அப்பேச்சே எழாது. தேநீரைச் சீனி போட்டும் போடாமலும் இரண்டு கேத்தலில் எடுத்து, சீனி போடாததற்குப் பனங்கட்டித் துண்டு வேண்டுமா என்று கேட்டுக் கொடுக்கலாம். நீரிழிவுள்ளவர் தன் நோயை எல்லோர் முன்னும் சொல்லவேண்டி வரக் கூடாது. “இன்னொன்று வைக்கட்டோ” என்று ஒரு தடவை கேட்பது உபசாரம். “காணும்” என்ற பின்னரும் இலையில் போடுவது, உண்ணவும் முடியாமல் எறியவும் மனமில்லாமல் அவரைத் தவிக்க விடுவது.

ஆகவே சங்கத்துக்கு நான் முன்வைத்த முடிவு இது. பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் நிருவாகக் கூட்டத்துக்குத் தட்டமே போதும். மாதக் கூட்டத்துக்குப் பீரிசின் மேல் இலை வைத்துப் பரிமாறுவது. அதனோடு, வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புபவர்களுக்காக வாசலில் பழுப்புக் கடதாசிப் பைகளைத் திறந்தே வைப்பது, கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று கூட்டத் தொடக்கத்திலேயே அறிவிப்பது. மழைநாளில் இலை வெட்ட முடியாமற் போனால் பொதி. வாங்கவேண்டியவை 60 சில்வர் பீரிசுகளும் மூன்று இடுக்கிகளும். அடுத்த தவணைச் சேமிப்புப் பணத்திலிருந்து அதற்கு ஒதுக்கச் சங்கம் உடன்பட்டது. யாரிடமிருந்து பரிமாறத் தொடங்குவது என்ற கேள்வி கடைசியாக எழுந்தது. வழக்கம்போல் முன்வரிசையிலிருந்து என்றார் ஒருவர். சட்டியிலிருந்து முதலில் இறங்கும் வடைகளைக் கடைசி வாங்கிலிருந்து வைத்துக்கொண்டு வருவோம் என்றேன். பங்குனிக் கூட்டத்தில் அப்படியே செய்தோம். ஆச்சியின் இலையில் வைத்த வடையிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.